ட்ரெட்மில்லில் இரண்டாவது ஆள்

இதில் ஒரு வரி கூட நான் சேர்த்தது கிடையாது. டிசம்பர் பதினாலு, வியாழக்கிழமை. பிற்பகல் 3:40-க்கு ஆரம்பித்து மாலை 6:12-க்கு முடிந்தது. நேரத்தை எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், அன்று நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறரைக்கு என் மகளின் பள்ளியில் புத்தாண்டு விழா. அவளுக்கு அணில் வேஷம். வராமல் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று என் மனைவி அய்னாஷ் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

பேயைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை. பதினோரு வருஷமாக கஜகஸ்தானின் கரகண்டாவில் ட்ரெட்மில் பழுது பார்க்கிறேன். என் கருத்தெல்லாம் மோட்டாரைப் பற்றித்தான். எங்கள் ஊரில் குளிர் மைனஸ் முப்பதைத் தொட்டுவிட்டால் வெளியே யாரும் நடக்க முடியாது. அதனால் இதயம், சர்க்கரை, முழங்கால் என்று டாக்டரிடம் போகிற எல்லார் வீட்டிலும் ஒரு ட்ரெட்மில் நிற்கும். பாதிப் பேர் வீட்டில் அதன்மேல் துணி காயும்.

ஸவ்ரேஷ் அக்கா வீட்டில் துணி காயவில்லை. அவர் நிஜமாகவே நடக்கிறவர். வயது ஐம்பத்தெட்டு. இதயத்தில் கோளாறு. தினமும் முப்பது நிமிஷம் நடந்தே ஆகவேண்டும் என்று செப்டம்பரில் டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்டோபரில் மெஷின் வாங்கியிருக்கிறார்கள். புத்தம் புதுசு.

"இருபது நிமிஷத்துல நின்னுடுது தம்பி," என்றார் அக்கா. "அப்புறம் அரை மணி நேரம் தொடவே முடியாது. மோட்டார் கொதிக்குது."

சோபாவில் அவர் கணவர் தோலெகென் படுத்திருந்தார். டிவி ரிமோட் வயிற்றின் மேல்.

"மோட்டார் என்னப்பா பண்ணும், பாவம்," என்றார். "இவ ஏறினா நான் கூடத்தான் கொதிப்பேன்."

"நீங்க ஏறிப் பாருங்களேன். அந்த சோபாவுல உங்க அச்சு விழுந்துபோச்சு."

"இருபத்திரெண்டு வருஷம் பஸ்ல கண்டக்டரா இருந்தவ தம்பி. வாயால ஜெயிக்க முடியாது. நீ மெஷினைப் பாரு."

சிரித்துக்கொண்டேதான் முன்பக்க மூடியைக் கழற்றினேன்.

புது மெஷின் சூடாகிறது என்றால் முக்கால்வாசி காரணம் ஒன்றுதான். பெல்ட்டுக்கு அடியில் எண்ணெய் காய்ந்திருக்கும். பெல்ட் பலகையோடு உரசும். மோட்டார் இழுக்க முடியாமல் இழுக்கும். பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி விரலை உள்ளே விட்டேன்.

எண்ணெய் இருந்தது. வழவழ என்று இருந்தது.

டார்ச் அடித்துப் பலகையைப் பார்த்தேன். கால் விழுகிற இடத்தில் பலகை கொஞ்சம் தேய்ந்து பளபளக்கும். ஆள் எங்கே நடக்கிறார், எந்தக் காலை அழுத்தி வைக்கிறார் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். முன்னால் இரண்டு தேய்மானம். கைப்பிடியை ஒட்டி, சின்னதாக, வட்டமாக. அது அக்காவுடையது.

பின்னால் இன்னும் இரண்டு இருந்தன.

பெரிய பாதம். வலது பக்கம் ஆழமாக இருந்தது. இடது பக்கம் வட்டமாக இல்லை. ஒரு முழ நீளத்துக்குக் கோடு மாதிரி இழுபட்டிருந்தது.

"அண்ணே, நீங்களும் நடப்பீங்களா?"

"நானா?" தோலெகென் அண்ணன் ரிமோட்டைக் கீழே வைத்தார். "டாய்லெட்டுக்கு நடக்கறதே பெரிய விஷயம்."

"வேற யாராவது? பையன், மருமகன்?"

"பையன் அஸ்தானாவுல இருக்கான். புத்தாண்டுக்குத்தான் வருவான். ஏன் தம்பி?"

"சும்மாதான் கேட்டேன்."

அக்கா டீ வைக்க அடுப்படிக்குப் போய்விட்டார். போகும்போது ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மணி 4:15. வெளியே வெளிச்சம் மங்கிவிட்டது. காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது.

பெல்ட் இடது பக்கம் ஒதுங்கியிருந்தது. ஒரு கால் பலமாக விழுந்து மறு கால் இழுபட்டால் அப்படித்தான் ஒதுங்கும். பின்னால் இருக்கிற திருகை எல்-கீயால் கால் சுற்று திருகி, பெல்ட்டை நடுவுக்குக் கொண்டுவந்தேன். மோட்டார், அதன் கார்பன் பிரஷ், ஒயர் எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

கடைசியில் கிளாம்ப் மீட்டரை எடுத்தேன். இடுக்கி மாதிரி இருக்கும். மோட்டாருக்குப் போகிற ஒயரைக் கவ்வ வைத்தால், எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்டும். பெல்ட் சும்மா ஓடினால் இரண்டு ஆம்ப்ஸ். சராசரி ஆள் ஏறி நடந்தால் நாலு, நாலரை. பாரம் கூடக் கூட எண்ணும் கூடும். அவ்வளவுதான் கணக்கு.

மெஷினைச் சும்மா ஓடவிட்டேன். இரண்டு. அசையவே இல்லை.

நானே ஏறினேன். மீட்டரை தோலெகென் அண்ணனிடம் கொடுத்து, சோபாவை விட்டு எழுப்பி, பக்கத்தில் ஸ்டூலில் உட்காரவைத்தேன்.

"நாலரை," என்றார். "நாலரை. நாலரை. இதுக்காடா என்னை எழுப்பினே?"

பத்து நிமிஷம் நடந்தேன். கடைசி வரை நாலரைதான்.

"மெஷின்ல ஒண்ணும் இல்லக்கா," என்றேன். டீயும் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டையும் வந்திருந்தது. "நீங்க ஒரு தடவை நடங்க. பார்த்துட்டு நான் கிளம்பறேன். பாப்பாவுக்கு ஸ்கூல்ல விழா."

அக்கா உடனே ஏறவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கட்டும் தம்பி," என்றார். "எடுத்துடாதே."

மணி 4:52. அக்கா நடக்க ஆரம்பித்தார்.

"நாலு," என்றார் அண்ணன். "பரவாயில்ல ஸவ்ரேஷ். தம்பியை விட நீ கம்மிதான்."

டக்... டக்... டக்... சின்னக் காலடிகள். ஒரே சீராக. நான் கருவிகளைப் பையில் போட ஆரம்பித்தேன்.

"நாலு. நாலு. டீ ஆறுது தம்பி. நாலு."

மணி 5:06.

"நாலே கால். அஞ்சு."

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா அதே வேகத்தில்தான் நடந்துகொண்டிருந்தார். முகம் சுவரைப் பார்த்தபடி இருந்தது. இரண்டு கையும் கைப்பிடியில்.

"ஆறு... தம்பி, இதென்ன ஆறுங்குது? ஏழு."

"அண்ணே, விளையாடாதீங்க."

"நீயே பாரு."

பார்த்தேன். ஏழு. அதுவும் நிலையாக இல்லை. ஏழு... ஆறரை... ஏழு... ஆறரை... துடித்துக்கொண்டிருந்தது. உரசலில் பாரம் ஏறினால் எண் இப்படித் துடிக்காது, ஏறின இடத்திலேயே நிற்கும். கனமான ஆள் நடந்தால்தான் கால் விழும்போது ஏறி, கால் எடுக்கும்போது இறங்கும். இதை நான் ஆயிரம் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்தத் துடிப்பு அக்காவின் காலோடு சேரவில்லை.

அக்கா வேகமாக வைத்தார். டக், டக், டக், டக்.

எண் மெதுவாகத் துடித்தது.

நான் மெஷினின் பின்பக்கம் போய் மண்டியிட்டேன். பெல்ட் மறுபடி இடது பக்கம் ஒதுங்கியிருந்தது. நான் நடுவில் வைத்து ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. எல்-கீயைத் திருகில் வைத்துக் குனிந்தேன். என் முகத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி.

அப்போது கேட்டது.

தப்... ஸ்ஸ்ர்... தப்... ஸ்ஸ்ர்...

பெல்ட் அமுங்கியது.

என் கண் முன்னால். வலது பக்கம் அமுங்கி எழுந்தது. இடது பக்கம் அமுங்கி... இழுபட்டு... எழுந்தது.

அங்கே யாரும் இல்லை.

மருத்துவமனை ஸ்பிரிட் வாசனை லேசாக வந்தது. என் நெற்றியில் காற்று பட்டது. யாரோ கடந்து போகும்போது படுமே, அந்த மாதிரி. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு தடவை.

"அக்கா... ஓரத்துல ஏறி நில்லுங்க," என்றேன்.

பெல்ட்டின் இரண்டு பக்கமும் கால் வைக்க ஓரப்பட்டை இருக்கும். அதில் நின்றால் பெல்ட் வெறுமனே ஓடும். அக்கா ஒரு காலை அந்தப் பக்கம் வைத்தார். மறு காலை இந்தப் பக்கம் வைத்தார். பெல்ட்டில் இப்போது ஒருவரும் இல்லை.

"அண்ணே. எவ்வளவு?"

அண்ணன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே!"

"அஞ்சு," என்றார் தோலெகென். குரல் மாறியிருந்தது. "யாருமில்லையேப்பா... அஞ்சுங்குதே..."

ஐந்து. நாலரை. ஐந்து. நாலரை.

தப்... ஸ்ஸ்ர்...

அக்கா திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"பின்னாடி இருக்காரு, இல்ல?"

நான் எல்-கீயைத் திருகிலிருந்து உருவினேன்.

"ரெண்டு மாசமா எனக்குத் தெரியும். கழுத்துல மூச்சு படும். சொன்னா இவரு என்னை மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாரு. அதான் உன்னைக் கூப்பிட்டேன். நான் சொன்னா நம்பமாட்டாங்க. மெஷின் சொன்னா நம்புவாங்க."

"ஸவ்ரேஷ்..." என்றார் அண்ணன். "இறங்கி வந்துடு."

"நான் ஏன் இறங்கணும்? என் மெஷின்."

அவர் தோள் நிமிர்ந்தது. அடுத்து வந்த குரலை அதுவரை அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. நாற்பது பேர் நெருக்கியடிக்கிற பஸ்ஸில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரல்.

"ஸ்டாப் வந்தாச்சு. இறங்குங்க."

தப்... ஸ்ஸ்ர்...

"உங்களைத்தான். இந்த வண்டி இதுக்கு மேல போகாது. இறங்குங்க."

தப்.

பெல்ட் ஒரு கணம் துள்ளி வேகமெடுத்தது. பாரம் சட்டென்று போனால் அப்படித்தான் துள்ளும்.

"ரெண்டு," என்றார் அண்ணன்.

மணி 5:21.

அக்கா மெஷினை நிறுத்துகிற சாவியை உருவினார். மெஷின் நின்றது. அந்த அறையில் வேறு சத்தமே இல்லை.

பிறகு மரத்தரை கிறீச்சிட்டது.

என் இடது பக்கம்.

தப்... ஸ்ஸ்ர்...

நான் மெஷினுக்கும் வாசலுக்கும் நடுவில் மண்டியிட்டிருந்தேன். என் சட்டைக் கையை ஏதோ உரசிக்கொண்டு போனது... துணி மாதிரி.

தப்... ஸ்ஸ்ர்... தப்...

வாசலில், என் கோட்டும் பூட்ஸும் இருந்த இடத்தில், நின்றது.

நாங்கள் மூன்று பேரும் வாசலையே பார்த்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த ஒரு நேரம்தான் என்னிடம் இல்லை.

"கதவைத் திறந்து விடுங்க," என்றார் அக்கா மெதுவாக.

தோலெகென் அண்ணன் போனார். சோபாவை விட்டு எழாத மனுஷன், சுவரோடு ஒட்டிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார். படிக்கட்டுக் குளிர் உள்ளே வந்தது. வாய்க்குள் ஏதோ ஓதினார். பத்து எண்ணும் நேரம் கழித்துக் கதவைச் சாத்தினார்.

காசு எதுவும் வாங்காமல் கிளம்பினேன். அதே கதவு வழியாகத்தான் நானும் போகவேண்டும். வேறு வழி இல்லை.

லிஃப்டில் ஏறப் பயம். ஐந்து மாடியும் ஓடி இறங்கினேன். கார் உறைந்து கிடந்தது. பையைப் பின்னால் டிக்கியில் போட்டேன். முன் சீட்டில் ஒன்றும் வைக்கவில்லை. இது முக்கியம், அதனால் சொல்கிறேன். ஒரு கையுறை கூட வைக்கவில்லை. வண்டி சூடாகும் வரை காத்திருந்து கிளம்பும்போது மணி 5:48.

தெருமுனை கூடத் தாண்டவில்லை.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து, சீட் பெல்ட் போடவில்லை என்றால் அடிக்கிற மணி. முன்னால் சிவப்பு விளக்கும் எரிந்தது.

சீட்டைப் பார்த்தேன். காலி.

டிங்... டிங்... டிங்...

ஓரமாக நிறுத்தினேன். என்ன செய்வது? இறங்கி ஓடலாம். மைனஸ் முப்பத்தொன்று. ஓடி எங்கே போவது? எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தத்தை நிறுத்துவதுதான்.

கையை நீட்டினேன். அந்தப் பக்கத்து சீட் பெல்ட்டை இழுத்தேன். காலி சீட்டின் குறுக்கே கொண்டுவந்து மாட்டினேன்.

மணி நின்றது.

பெல்ட் சீட்டோடு ஒட்டிப் படியவில்லை. நடுவில்... இடைவெளி இருந்தது.

நான் வண்டியை ஓட்டினேன். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இருபது கிலோமீட்டர் வேகம். பனி கண்ணாடியில் நேராக வந்து அடித்தது. யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாமலே சொல்லிக்கொண்டு வந்தேன்.

"பாப்பாவுக்கு விழா... பாப்பாவுக்கு விழா இருக்குங்க..."

மைகுதுக் திருப்பத்தில் சிக்னல் சிவப்பு. நின்றேன்.

மணி 6:12.

க்ளிக்.

சீட் பெல்ட் தானாகக் கழன்று, ஸ்ஸ்ர் என்று மேலே சுருண்டு போனது.

கதவு திறக்கவில்லை. மணியும் அடிக்கவில்லை.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கிளம்பினேன்.

விழாவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அணில் மேடையேறி இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. அய்னாஷ் எனக்காகப் பிடித்து வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு?" என்றாள். குளிர் என்றேன். காருக்குள் நடந்ததை அவளிடம் சொல்லவில்லை. ஸவ்ரேஷ் அக்காவிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அக்காவே போன் செய்தார். "முப்பது நிமிஷம் நடந்தேன் தம்பி. நிக்கவே இல்ல. நாலு மாடி சுமந்து ஏறின மூட்டையை இறக்கி வச்ச மாதிரி இருக்கு."

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஜனவரி ஒன்பது. தோலெகென் அண்ணன் போனில் கூப்பிட்டார். கிண்டல் எதுவும் இல்லை.

"குவானிஷ், நேத்து இவளை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். செப்டம்பர்ல முதல் தடவை போனப்போ, உடம்புல ஒயரெல்லாம் ஒட்டி, ட்ரெட்மில்லுல நடக்கவிட்டு இதயத்தைப் பார்த்தாங்கல்ல? அதே நர்ஸ் இருந்தா. இவளை ஞாபகம் வச்சிருந்தா. அன்னைக்கு உங்களை முக்கால் மணி நேரம் காக்க வச்சிட்டோம், காரணம் சொல்ல முடியலைனு சொன்னா."

"என்ன காரணம்?"

"இவளுக்கு முன்னாடி ஒருத்தரு. சுரங்கத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு. ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பாராம். நடந்துக்கிட்டிருக்கும்போதே போயிட்டாரு. அந்த மெஷின் மேலயே. அவரைப் பக்கத்து ரூமுக்கு எடுத்துட்டுப் போயி, மெஷினைத் துடைச்சிட்டு, இவளை ஏத்தியிருக்காங்க."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"பேரு சகின்தாயாம். தனி ஆளு. என் பழைய கூட்டாளிங்ககிட்ட விசாரிச்சேன். உங்க பக்கம்தான். மைகுதுக் சிக்னல் இருக்கே, ரொட்டிக் கடை, அதுக்கு எதிர்ல அஞ்சு மாடிக் கட்டிடம். மூணாவது மாடி... ஹலோ? தம்பி, இருக்கியா?"

தினமும் இரண்டு தடவை அந்த சிக்னலைத் தாண்டித்தான் போகிறேன். சிவப்பு விழுந்தால் மூணாவது மாடியைப் பார்ப்பேன். விளக்கு எரியும். பால்கனியில் குழந்தைத் துணி காயும். இரண்டு மாதம் பொறுத்தேன். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 11:20, வண்டியை நிறுத்திவிட்டு ஏறிப் போனேன். என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கதவு முன்னால் ஒரு நிமிஷம் நின்றேன். தட்டினேன்.

ஒரு இளம் பெண் திறந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது பயம் இல்லை. நிம்மதி மாதிரி இருந்தது.

"யாரு வேணும்ணே?"

"சகின்தாய்னு ஒருத்தரு..."

"அவரை எங்களுக்கு நேர்ல தெரியாதுண்ணே. நவம்பர்ல வீட்டை வாங்கினோம். அவரோட தங்கச்சிதான் வித்தாங்க."

"சரிம்மா. மன்னிச்சிடு. தொந்தரவு பண்ணிட்டேன்."

"அய்யோ, இல்லண்ணே," என்றாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நீங்க நின்னதே சந்தோஷம். டிசம்பர்லேர்ந்து யாரோ தினமும் கதவைத் தட்டறாங்க. எப்ப போய்த் திறந்தாலும் ஆளே இருக்கறதில்ல. சாவியில்லாதவங்க தட்டற மாதிரி தட்டறாங்க. தட்டி, ஆள் இருக்கறது இன்னைக்குத்தான்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் அப்படியே நின்றேன்.

பழைய கட்டிடம். கதவுக்கு வெளியே குறுகலான இடம்.

இரண்டு பேர் நிற்கத்தான் இடம் இருக்கும்.